பன்னிரண்டாயிரம் வீடுகளுக்கு ஒரு பித்தப்பை

நோயை மருந்தால் விரட்டியவர்கள் உலகத்தில் ஏராளம். ஊசியால் விரட்டியவர்கள் உண்டு, பட்டினி போட்டு விரட்டியவர்கள் உண்டு, திட்டியே விரட்டியவர்களும் உண்டு. ஆனால் ஒரு நாட்டின் நோய்ச்செலவை வெறும் சுற்றறிக்கையால் விரட்டிய பெருமை மனித வரலாற்றில் ஒரே ஒருவரைத்தான் சேரும். அவர் நலச்செலவுக் கணக்கு அலுவலகத்தின் துணை இயக்குநர். கால்குலேட்டர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'சதவீதம் சார்' என்று கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, நேருக்கு நேராகவே. அவருக்கும் அது பட்டம் வாங்கின மாதிரி இனித்தது.

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இரண்டாவது மாடி வரைதான் போகும். மீதி ஒரு மாடியை ஊழியர்கள் 'சொந்தப் பங்களிப்பாக' ஏறிக் கடந்தார்கள்.

அங்கே நடந்த வேலை ரொம்ப எளிமையானது. நாட்டு மக்களின் உடம்பைப் பார்த்துக்கொள்ள வருஷத்துக்கு அறுபதாயிரம் கோடி செலவாகிறது. அதில் அரசு கொடுப்பது எவ்வளவு, மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுப்பது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இதற்காகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தது. இடது பக்கம் 'அரசு'. வலது பக்கம் 'மக்கள்'. தினமும் காலை பத்து மணிக்கு சதவீதம் சார் பழைய எண்களைத் துடைத்துவிட்டுப் புதிய எண்களை எழுதுவார். இரண்டையும் கூட்டினால் நூறு வரும். அந்த அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகமே வராத ஒரே விஷயம் அந்தக் கூட்டல்தான்.

வருஷத் தொடக்கத்தில் அரசின் பங்கு 46.2 ஆக இருந்தது. அப்போதுதான் அமைச்சர் ஒரு மேடையில், மைக் நன்றாக வேலை செய்த உற்சாகத்தில், "இந்த ஆண்டு முடிவதற்குள் மருத்துவச் செலவில் பாதிக்கு மேல் அரசே ஏற்கும்" என்று சொல்லிவிட்டார்.

பாதியைத் தாண்ட இரண்டு வழிகள் உண்டு. அரசு அதிகமாகச் செலவழிக்கலாம். அல்லது மக்கள் குறைவாகச் செலவழித்ததாகத் தெரியலாம். முதல் வழி நிதித்துறை வாசல் வரை போனது. அங்கே அதை உட்காரச் சொல்லக்கூட ஆள் இல்லை. இரண்டாவது வழி நேராக சதவீதம் சாரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அவர் பேனாவைத் திறந்தார். மூக்குக் கண்ணாடி அன்றிலிருந்து மருத்துவச் செலவு அல்ல, 'அலங்காரப் பொருள்' ஆனது. பல்செட் 'சமையலறைச் சாமான்' ஆனது, மெல்லத்தானே பயன்படுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் கட்டணம் 'சுற்றுலா'வுக்குப் போனது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் கையில் திணிப்பது 'நட்பு வட்டச் செலவு'. மூன்று நாளுக்குள் விட்டுவிடும் காய்ச்சல் நோயே அல்ல, 'வானிலை'.

"இருமல்?" என்று கூட்டத்தில் இயக்குநர் கவலையோடு கேட்டார். ஓய்வு பெற ஒரு வருஷமே இருந்த அவருக்கு எல்லாவற்றிலும் கவலை உண்டு. பொறுப்புதான் கிடையாது.

"தகவல் தொடர்புல சேர்த்துட்டேன் சார்."

"நல்லது. ஆனா ரத்தம் வர்ற இருமல்னா?"

"அது அவசரத் தகவல் சார்."

இன்னொரு பக்கம் அரசின் செலவும் வளர்ந்தது. ஆஸ்பத்திரி வாசல் வளைவில் அமைச்சர் பெயர் எழுதிய பெயிண்ட் 'நோய்த் தடுப்பு' ஆனது. அமைச்சர் காரின் சைரன், ஆம்புலன்ஸ் போலவே கத்துகிறது என்ற நியாயத்தில், 'அவசர சிகிச்சை' ஆனது. இப்படியாக ஒரு மாத்திரைகூடக் கூடுதலாக வாங்காமல், ஒரு கட்டில்கூடக் கூடுதலாகப் போடாமல், பலகை 49.97-ஐத் தொட்டது. இன்னும் ஒரு மாதக் கணக்கெடுப்பு பாக்கி. அது வழக்கம்போல அமைந்தால் 50.01 வந்துவிடும் என்று கால்குலேட்டர் வாக்குக் கொடுத்தது.

50.01 வந்தால் அமைச்சருக்கு ஒரு மேடை. இயக்குநருக்கு நிம்மதியான ஓய்வு. சதவீதம் சாருக்கு இணை இயக்குநர் பதவியும், ஜன்னல் வைத்த அறையும். பதினேழு வருஷமாக அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர். ஜன்னல் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகத்தில் காற்று வீசியது.

இந்த நேரம் பார்த்துத்தான் அவர் மனைவிக்குப் பித்தப்பையில் கல் வந்தது.

வந்தது என்று சொல்வது அநியாயம். கல் முன்பே இருந்தது. அவள் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டும் இருந்தாள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள் அவள். மெஷினை மிதிக்கும்போது வலது விலாவுக்குக் கீழே யாரோ ஊசி கோத்து இழுப்பது போல இருக்கிறது என்றாள். சதவீதம் சார் அதை முதலில் 'பணிச்சூழல்' என்று வகைப்படுத்தினார். சாப்பிட்ட பிறகு சுருண்டு படுக்க ஆரம்பித்தபோது அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். தம் சதவீதத்துக்குத் தாமே துரோகம் செய்கிறவர் அல்ல அவர்.

அங்கே இருந்த டாக்டர் நல்லவர். காலையிலிருந்து நூற்று எண்பது பேரைப் பார்த்துவிட்டு, நூற்று எண்பத்தொன்றாவதாக வந்தவளையும் நிமிர்ந்து பார்த்தார். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். தேதி ஏழு மாதம் கழித்துத்தான் இருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ்வளவு நாள் தாங்காதும்மா. பத்து நாளுக்குள்ள வெளியில எங்கயாவது பண்ணிடுங்க" என்றார்.

வெளியில் என்றால் தனியார். ஒன்றரை லட்சம் ஆகும் என்றார்கள். வங்கியில் அந்தப் பணம் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சேமித்தது. வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது.

செவ்வாய்க்கிழமை காலை கதவு தட்டப்பட்டது.

வாசலில் குடையும் ஒரு கட்டுப் படிவமுமாக நின்றவள் கணக்கெடுப்பாளர். அலுவலகத்தில் அவளுக்கு 'மை அக்கா' என்று பெயர். மற்றவர்கள் பென்சிலில் எழுதி, மேலே உள்ளவர்கள் விருப்பப்படி அழித்துக் கொடுப்பார்கள். இவள் மையில்தான் எழுதுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கட்டத்தைக்கூட அடித்துத் திருத்தியதில்லை.

"சார், உங்க வீடு விழுந்திருக்கு" என்றாள்.

சதவீதம் சார் பதறிப்போய்ச் சுவரைப் பார்த்தார்.

"கணக்கெடுப்புல விழுந்திருக்கு சார். இந்த மாசப் பட்டியல்ல. இன்னிக்குப் பேரு எழுதிட்டுப் போறேன். முப்பதாந்தேதி வந்து, இந்த மாசம் உடம்புக்கு என்ன செலவாச்சுன்னு எழுதிக்குவேன்."

எல்லா வீட்டுக்கும் போய்க் கேட்க அரசால் முடியாது. அதனால் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டாயிரம் வீட்டுக்கு ஒரு வீட்டைப் பொறுக்கும். அந்த ஒரு வீட்டின் செலவைப் பன்னிரண்டாயிரத்தால் பெருக்கினால் மற்ற வீடுகளின் செலவும் வந்துவிடும். எந்த வீட்டையும் மாற்றக் கூடாது, பொய் சொன்னால் தண்டனை என்று சுற்றறிக்கை உண்டு. அதில் கையெழுத்துப் போட்டவர் சதவீதம் சார்.

மை அக்கா போனதும் அவர் கால்குலேட்டரை எடுத்தார். ஒன்றரை லட்சம். பெருக்கல் பன்னிரண்டாயிரம். நூற்று எண்பது கோடி.

அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வை அவர் பார்த்ததே இல்லை. அவள் ஒருத்தியாகத் தெரியவில்லை. தெரு நிறைய, ஊர் நிறைய, பன்னிரண்டாயிரம் பேர் கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு, தனியார் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிற்பது போல இருந்தது.

"வியாழக்கிழமை வேணாம்" என்றார்.

"ஏங்க? டாக்டர் லீவா?"

"இருபத்தெட்டு நாள் தள்ளிப்போடலாம். மாசம் முடியட்டும். ஒண்ணாந்தேதி காலைல முதல் ஆளா நானே கூட்டிட்டுப் போறேன்."

"டாக்டர் பத்து நாள்னுதானே சொன்னாரு?"

"அவர் உன் வயித்தை மட்டும் பார்த்துச் சொன்னாரு. நான் நாட்டைப் பார்த்துச் சொல்றேன்."

பிறகு உட்கார்ந்து, மிகப் பொறுமையாக, நூற்று எண்பது கோடியின் கதையை விளக்கினார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்படின்னா இந்த ஊர்ல என்னை மாதிரி வலியோட இருக்கறவங்க எல்லாரும் இந்த மாசம் ஆபரேஷன் பண்ணக் கூடாதா?"

"அவங்கதான் ஏற்கெனவே பண்ணலையே! காசு இல்லாம எத்தனை பேர் தள்ளிப்போட்டிருக்காங்க தெரியுமா? ஆஸ்பத்திரிக்கே போகலைன்னா செலவே இல்லை. மக்கள் பங்கு இறங்குது, அரசு பங்கு ஏறுது. அந்தப் பெரிய மனசுலதான் நம்ம பலகையே நிக்குது."

அவள் கத்தரிக்கோலை மறுபடி கையில் எடுத்தாள்.

"அளவு எடுக்கறதுக்கு முன்னாடியே துணியை வெட்டிடுவீங்க போலிருக்கு. சரி, பேங்க் புத்தகம் எங்க?"

"பத்திரமா ஆபீஸ் டிராயர்ல இருக்கு" என்றார் சதவீதம் சார். காலையில் வீட்டு அலமாரியில் இருந்த புத்தகம் அது. மாலைக்குள் அவர் சொன்னதை உண்மையாக்கிவிட்டார். வார்த்தை தவறாத மனிதர்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒவ்வொரு மாத்திரையும் தேசிய விவகாரம் ஆனது. தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு நடுவே ஒரு வயிற்று மாத்திரை அட்டையைக் கண்டெடுத்தவர், "நாப்பது! பெருக்கினா நாலு லட்சத்து எண்பதாயிரம்!" என்று அலறினார்.

"பக்கத்து வீட்டம்மா சும்மா குடுத்தாங்க."

"சும்மாவா?" முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. "அவங்க வீடு பட்டியல்ல இருக்கான்னு கேட்டியா?"

வலிக்குத் தைலம் வாங்க விடவில்லை. பழைய புட்டியில் வெந்நீர் நிரப்பி அவரே துணி சுற்றிக் கொடுத்தார். வெந்நீருக்குக் கணக்கெடுப்பில் கட்டம் கிடையாது. மனைவியிடம் இவ்வளவு அக்கறையாக அவர் எப்போதுமே இருந்ததில்லை என்பதை நியாயத்துக்காகச் சொல்லியாக வேண்டும். காலையில் எழுந்ததும் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்பார். "ரொம்ப இருக்குங்க" என்றால், "இன்னும் பத்தொம்பது நாள்தான்" என்று காலண்டரில் ஒரு கோடு கிழிப்பார்.

அவள் தம்பி வாரம் ஒருமுறை வருவான். சந்தையில் மூட்டை ஏற்றி இறக்க ஒரு சின்னச் சரக்கு வண்டி வைத்திருந்தான். அந்த மாதம்தான் கடைசித் தவணை கட்டி, வண்டி முன்னால் 'சொந்தம்' என்று பெயிண்டில் எழுதியிருந்தான். வந்தவன் அக்காவின் கண்ணைப் பார்த்தான். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

"அத்தான், அக்கா கண்ணு மஞ்சளா இருக்கு."

"பல்பு வெளிச்சம் அப்படி."

"வாசல்ல வெயில்ல நிக்குறாங்க அத்தான்."

"வெயிலும் மஞ்சள்தானே?"

தம்பி அவரையே பார்த்தான். "அத்தான், உங்களுக்குப் படிப்பு இருக்குன்னு எங்க வீட்ல பொண்ணு குடுத்தாங்க. இப்படி முழுசும் படிப்பாவே இருப்பீங்கன்னு தெரியாது."

பத்தொன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு அலுவலகத்தில் பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தலைப்பு: 'வலி என்பது செலவு அல்ல'. சதவீதம் சார் பலகையருகே நின்று பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தம்பி.

"அக்கா மெஷின் மேலேயே விழுந்துட்டாங்க. நெருப்பா சுடுது. வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துட்டேன்."

"எந்த ஆஸ்பத்திரி? அரசா, தனியாரா?"



"எது பக்கத்துல இருந்துச்சோ அது" என்று சொல்லித் தம்பி வைத்துவிட்டான்.

பக்கத்தில் இருந்தது தனியார். சதவீதம் சார் ஓடினார். மாடிப்படியைக்கூட அவர் அவ்வளவு வேகமாக இறங்கியதில்லை. பித்தப்பை சீழ் பிடித்து உடைகிற நிலையில் இருப்பதாகவும், உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றும், ஒன்றரை லட்சத்தில் முடிந்திருக்க வேண்டியது இப்போது மூன்று லட்சம் ஆகும் என்றும் சொன்னார்கள். பிழைப்பாளா என்று தம்பி கேட்டான். "சீக்கிரம் கட்டினா சீக்கிரம் ஆரம்பிக்கலாம்" என்று கவுண்டரில் இருந்தவர் சொன்னார்.

சதவீதம் சார் கவுண்டர் கண்ணாடி ஓட்டைக்கு வாயைக் கொடுத்தார்.

"பில்லை என் மச்சினன் பேர்ல போட முடியுமா?"

"அவர் கட்டறாரா சார்? தாராளமா."

"கட்டறது மட்டும் இல்லை. நோயாளியே அவர்னு போடணும். அவர் வீடு பட்டியல்ல இல்லை."

கவுண்டர்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "சார், பித்தப்பை அந்தம்மாவோடது. யாரு உறுப்போ அவங்க பேர்லதான் பில் வரும்."

"பேங்க் புத்தகத்தையாவது எடுத்துட்டு வந்தீங்களா அத்தான்?" என்றான் தம்பி.

அவர் கொண்டு வந்திருந்தது கால்குலேட்டர். மூன்று லட்சம் பெருக்கல் பன்னிரண்டாயிரம். முந்நூற்று அறுபது கோடி. அவர் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த ஒரு நர்ஸ், மனைவி மேல் எவ்வளவு பாசம் என்று கண் கலங்கி, உட்கார நாற்காலி கொடுத்தாள். உட்கார்ந்தவர், அலுவலகத்துக்குப் போய் டிராயரைத் திறந்து புத்தகத்தை எடுத்து வர இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றும், அதற்குள் இயக்குநரிடம் ஒரு வார்த்தை கலந்துகொள்வது முறை என்றும் சொல்ல வாயெடுத்தார். நிமிர்ந்தபோது தம்பி இல்லை.

முக்கால் மணி நேரத்தில் தம்பி திரும்பி வந்தான். நடந்து வந்தான். பையில் பணம் இருந்தது. சந்தையில் மூட்டை வியாபாரி ஒருவர் ரொம்ப நாளாக அந்த வண்டிமேல் கண் வைத்திருந்தார். அவசரத்தைப் பார்த்து விலையில் பாதிதான் பேசினார். 'சொந்தம்' என்று எழுதியதை அவரே அழித்துக்கொள்கிறாராம். மீதிப் பணத்துக்குத் தம்பி மனைவியின் நகை போனது.

அவள் பிழைத்தாள். பதினோரு கற்களை எடுத்து, ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். "வீட்டுக்குக் கொண்டுபோங்கம்மா, ஞாபகமா இருக்கும்" என்றார் டாக்டர், இல்லாவிட்டால் மறந்துவிடுவாள் என்பது போல.

முப்பதாம் தேதி மை அக்கா வந்தாள். குடையை வாசலில் சாய்த்தாள். படிவத்தை விரித்தாள். பேனாவைத் திறந்தாள்.

"அவ தூங்கட்டும். நான் சொல்றேன், எழுதிக்கோங்க" என்றார் சதவீதம் சார். "செலவு எதுவும் இல்..."

"நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளே நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையணை உறையிலிருந்து ரசீதுகளை எடுத்தாள். சீருடைக்கு அளவு சொல்வதைப் போல, ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஆபரேஷன். மருந்து. ரத்தப் பரிசோதனை. ஸ்ட்ரெச்சர் தள்ளினவருக்குக் கொடுத்தது.

"அது நட்பு வட்டம்" என்றார் சதவீதம் சார்.

"எனக்கு அவர் பேருகூடத் தெரியாது. எழுதுங்கக்கா."

மை அக்கா எழுதினாள். கடைசியில், "வேற ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டாள். அப்படி ஒரு கட்டம் உண்டு.

"என் தம்பியோட வண்டி."

"வண்டிக்குக் கட்டம் இல்லையேம்மா."

"ஓரத்துல எழுதுங்க. இடம் இருக்குல்ல?"

இடம் இருந்தது. மை அக்கா ஓரத்தில் எழுதி, ஈரம் காயும்வரை ஊதினாள். இருபத்திரண்டு வருஷத்தில் கட்டத்துக்கு வெளியே அவள் எழுதியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை பத்து மணி. சதவீதம் சார் பலகையில் எழுதினார். அரசு 49.71. மக்கள் 50.29. கூட்டினால் நூறு. 50.01 என்று சர்க்கரைப் பாகில் எழுதிய கேக் மூலையில் காத்திருந்தது.

இயக்குநர் கதவைச் சாத்தச் சொன்னார். நெற்றியைத் தடவினார். அனுபவம் என்றால் என்ன என்று அன்றைக்கு எல்லோரும் பார்த்தார்கள்.

"உங்களுக்குச் சம்பளம் யார் தர்றாங்க?"

"அரசாங்கம் சார்."

"அப்போ உங்க வீட்ல ஆகுற செலவு யாரோட செலவு?"

சதவீதம் சாரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. உடனே மறைந்தது. அவர் நேர்மையானவர். "சார், என் சம்பளத்துலேர்ந்து போகலை. என் மச்சினன் சரக்கு வண்டியை வித்த பணம்."

"வண்டி எதுல ஓடிச்சு?"

"ரோட்டுல."

"ரோடு யாரு போட்டது?"

"அரசாங்கம் சார்."

"அரசாங்கம் ரோடு போடலைன்னா வண்டி ஓடியிருக்குமா? வண்டி ஓடலைன்னா அதுக்கு விலை இருந்திருக்குமா? விலை இல்லைன்னா உங்க மனைவி..." இயக்குநர் மரியாதையாக எழுந்து நின்றுகொண்டார். "அரசாங்கம்தான்யா அந்தம்மாவைக் காப்பாத்தியிருக்கு."

மையில் எழுதியதில் ஒரு எழுத்தையும் யாரும் தொடவில்லை. ஒரு சுற்றறிக்கை மட்டும் எழுதப்பட்டது. அரசுச் சம்பளம் வாங்குபவர் வீட்டிலோ, அரசுச் சாலையில் ஓடிய எதையாவது விற்றோ செய்யப்படும் மருத்துவச் செலவு, 'மறைமுக அரசுச் செலவு' எனக் கருதப்படும். முந்நூற்று அறுபது கோடியும் வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு நடந்து வந்தது. சதவீதம் சார் துடைத்து எழுதினார். அரசு 50.31.

"ஒன்றரை லட்சத்துலேயே முடிச்சிருந்தா வெறும் 50.16-தான் வந்திருக்கும்" என்று கணக்கிட்டுச் சொன்னார் ஓர் இளநிலை அதிகாரி.

"தள்ளிப்போட்டதுல எவ்வளவு லாபம் பாருங்க" என்றார் இயக்குநர். கேக்கில் கத்தியால் பழைய எண்ணைச் சுரண்டிவிட்டு வெட்டினார்கள்.

விழா சிறப்பாக நடந்தது. அமைச்சர் மேடையில் கண்ணைத் துடைத்தார். சதவீதம் சாருக்கு ஜன்னல் கிடைத்தது. அது எதிர்ச் சுவரைப் பார்த்துத் திறந்தது என்றாலும் ஜன்னல் ஜன்னல்தான். கூடவே ஒரு பித்தளைக் கேடயமும் கிடைத்தது. 'மக்களின் நோயில் பாதிக்கு மேல் அரசு சுமக்கிறது' என்று அதில் பொறித்திருந்தார்கள்.

அதை அவர் வீட்டுக்குக் கொண்டு வந்து, துணி வெட்டும் மேசைக்கு மேலே மாட்ட ஆணி தேடினார். தம்பி அப்போதுதான் வந்து கதவோரம் உட்கார்ந்திருந்தான். அதே சந்தையில், அதே வண்டியில், இப்போது கூலிக்கு மூட்டை ஏற்றுகிறான். தோளில் சாக்குத் தூசி ஒட்டியிருந்தது. கேடயத்தை எழுத்துக் கூட்டிப் படித்தவன், "சுமக்கிறதுன்னா எடை எவ்வளவு அத்தான் இருக்கும்?" என்று கேட்டான்.

"எடை இல்லைப்பா, சதவீதம்."

"அதான் வலிக்கலை போலிருக்கு."

மனைவி அடுக்கிலிருந்து குப்பியை எடுத்தாள். மூடியைத் திருகி மேசைமேல் கவிழ்த்தாள். கற்கள் உருண்டு, வெட்டி வைத்த நீலத் துணியின் ஓரத்தில் நின்றன.

"எண்ணுங்க."

எண் என்றால் அவருக்குக் கை தானாகப் போகும். "பதினொண்ணு."

"பாதி?"

"அஞ்சரை."

"பாதிக்கு மேல உங்களுதுன்னு பித்தளையில எழுதியிருக்கு. அப்போ ஆறு." அளவு நாடாவின் நுனியால் ஆறு கற்களை ஒதுக்கிக் கேடயத்துக்கு முன்னால் தள்ளினாள். "இந்தாங்க, அரசாங்கத்தோட பங்கு. கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க."

அவர் அந்த ஆறையும் பார்த்தார். பிறகு, பழக்க தோஷம், "மீதி அஞ்சு?" என்றார்.

"அது மக்களோடது."

தம்பி சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, நிறுத்தியிருந்த இடத்திலிருந்து துணியை வெட்ட ஆரம்பித்தாள்.

"வேணும்னா கூட்டிப் பாருங்க, பதினொண்ணு சரியா வரும். உங்க பலகையில கூட்டல் என்னைக்குத் தப்பாயிருக்கு? என்ன ஒண்ணு, பதினொண்ணும் என் வயித்துலதான் இருந்துச்சு."